சேலத்து வெயிலில் பச்சோந்திக் கூண்டு: பல்பை எரிக்கணுமா, அணைக்கணுமா?

மாடிவீடு (அம்மாப்பேட்டை)
ஏப்ரல் 8, இரவு 11:20

வணக்கம். என்னிடம் ஒரு வெயில்டு (veiled) இனப் பச்சோந்தி இருக்கிறது. ஆண், எட்டு மாதம் இருக்கும். வளர்ப்பில் பிறந்த குட்டி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் முடிந்துவிட்டது. கூண்டு இரண்டுக்கு இரண்டு அடி, உயரம் நான்கு அடி, எல்லாப் பக்கமும் அலுமினிய வலை. உள்ளே மணி பிளான்ட், செம்பருத்தி, வெயில் காய ஒரு கொய்யாக் கிளை. மேலே 60 வாட் குண்டு பல்பு, அதன் பக்கத்தில் யுவிபி (புற ஊதாக் கதிர்) ட்யூப்.

விற்றவர் கொடுத்த தாளில் பல்பு காலை 7 முதல் மாலை 7 வரை எரியணும், இரவில் ஃபாகர் (மூடுபனி போல ஈரம் விடும் கருவி) ஓடணும் என்று போட்டிருக்கிறது. குளிர் மாதங்களில் ஒரு தொந்தரவும் இல்லை. மார்ச் பாதியிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. மதியம் 2 மணிக்கு அறையில் 37 டிகிரி. இரவு 11 மணிக்கும் 32. விடிகாலையில்தான் 28க்கு இறங்குகிறது. பகலெல்லாம் வெளிறிப்போய், வாயைத் திறந்தபடி கூண்டின் அடியில் செம்பருத்தி இலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். பூச்சி வைத்தால் கண்ணைச் சுழற்றிப் பார்க்கிறான், நாக்கை நீட்டுவதில்லை.

கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினால் ஈரம் நிற்குமா? ஃபாகரைக் கூட்டலாமா? ஏற்காட்டில் அக்கா வீடு இருக்கிறது, மே முடியும்வரை அங்கே விட்டுவிடலாமா?


கஞ்சமலையான்
ஏப்ரல் 8, இரவு 11:52

தம்பி, நாளைக் காலை அந்த பல்பைப் போடவே போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வெளிறின நிறமும் திறந்த வாயும் சேர்ந்து வந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். குளிரும்போது நேர்மாறாக நடக்கும்: உடம்பைக் கறுப்பாக்கி, பக்கவாட்டில் தட்டையாக விரித்து, வெளிச்சத்துக்குக் காட்டும். அதற்கு வியர்வை கிடையாது. பெரும்பாலும் இடம் மாறி உட்கார்ந்துதான் சூட்டைச் சரிசெய்துகொள்ள முடியும். உங்கள் கூண்டில் மாறிப் போக இடமே இல்லை, மேலேயும் கீழேயும் ஒரே அடுப்பு.

இந்த இனத்துக்கு வெயில் காயும் கிளையில் 29 முதல் 32 டிகிரி போதும். கூண்டின் மற்ற இடங்களில் 24 முதல் 27. இரவில் 20க்குப் பக்கத்தில் இறங்கினால் அதுதான் அதற்குச் சுகம். உங்கள் அறையே 37 என்கிறீர்கள், இதில் பல்பு எதற்கு? அந்தத் தாள் எந்தக் குளிர் ஊருக்காக எழுதப்பட்டதோ தெரியாது. வெளிநாட்டுக் கையேடுகளில் பாதிக்கு மேல் கூண்டை எப்படிச் சூடாக்குவது என்பதுதான். நமக்கு மார்ச் முதல் ஜூன் வரை கேள்வியே வேறு.

யுவிபி ட்யூபை மட்டும் நிறுத்த வேண்டாம். டி5 என்கிற மெல்லிய ட்யூபின் சூடு குண்டு பல்போடு ஒப்பிட்டால் குறைவு. அது இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, கால்சியம் எலும்பில் சேராது. கிளைக்கும் ட்யூபுக்கும் நடுவில் எட்டு ஒன்பது அங்குலம் விடுங்கள்.

ஃபாகரைக் கூட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நிறுத்துங்கள். இரவு மூடுபனி நல்லதுதான், ஆனால் குளிர்ந்த இரவில். அதன் ஊரில் பொழுது சாய்ந்ததும் சூடு மளமளவென்று இறங்கும், காற்றில் ஈரம் ஏறும், தூங்கும்போது அந்த ஈரத்தை மூச்சில் இழுக்கும். நீங்கள் 32 டிகிரியில் புகையடித்தால் கிருமி வளர்க்கிறீர்கள். நுரையீரல் சளி பிடிப்பது இப்படித்தான்.


சூரமங்கலம்_சீனு
ஏப்ரல் 9, காலை 7:05

ஒரு சந்தேகம். நம்ம ஊர் முள்ளுக்காட்டிலேயே பச்சோந்தி இருக்கிறது. ஜருகுமலை அடிவாரத்தில் வேலியோரம் நானே பார்த்திருக்கிறேன். 40 டிகிரி வெயிலில் அது பாட்டுக்கு இருக்கிறது. அதற்கு யார் ஏசி போட்டார்கள்? இவ்வளவு பயமுறுத்தணுமா?


கஞ்சமலையான்
ஏப்ரல் 9, காலை 7:48

நல்ல கேள்வி சீனு. பல பேர் கேட்பதுதான்.

முதலில், அது வேறு, இது வேறு. நம்முடையது இந்தியப் பச்சோந்தி. மாடிவீடு தம்பியிடம் இருப்பது ஏமன் நாட்டிலும் அதை ஒட்டிய தென்மேற்கு சவூதியிலும் வாழ்வது. ஏமனில் அது அதிகம் இருக்கிற தாயிஸ் நகரமே கடல் மட்டத்துக்கு மேல் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் குளிரும்.

அதைவிட முக்கியம், காட்டில் இருப்பது 40 டிகிரியில் உட்கார்ந்திருப்பதில்லை. வானிலைச் செய்தியில் 40 என்றால் அது நிழலில், காற்றோட்டத்தில் அளந்த கணக்கு. ஒரு புளியமரத்தின் உள்ளடுக்கில் இலைகள் விடும் ஈரத்தில் அதைவிடக் குறைவாக இருக்கும். காலையில் நுனிக் கிளையில் வெயில் காய்ந்துவிட்டு, பத்து மணிக்கு மேல் உள்ளே போய்விடும். வேண்டுமானால் அடுத்த மரத்துக்குப் போகும். நாம் நான்கடிப் பெட்டியில் வைத்து, அந்த முடிவை அதன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டோம். அப்புறம் அதற்கு மரத்தின் நிழலை நாம்தான் செய்து தரணும்.


காபித்தோட்டம் (ஏற்காடு)
ஏப்ரல் 9, காலை 9:30

அக்கா வீட்டு யோசனையை யாரும் தொடவில்லையே. நான் மஞ்சக்குட்டைப் பக்கம் இருக்கிறேன், ஒரு சோடி வெயில்டு வைத்திருக்கிறேன், தனித்தனிக் கூண்டு. கணக்கு எளிது. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். ஆக எட்டு டிகிரி சும்மா கிடைக்கிறது. நேற்று இரவு என் வராந்தாவில் 18. ஃபாகர் போட்டேன், காலையில் மூக்கு நுனியில் நீர்முத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்று சொல்லணும். அராபிகா காபி ஏமன் மலைகளிலிருந்துதான் உலகம் சுற்றியது, 1820களில் நம்ம சேர்வராயன் மலைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அதே மலைக்காரன் இந்தப் பச்சோந்தியும். ஏற்காடு ஒத்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்!

ஆனால் ஜூலைக்கு மேல் இங்கே வேறு தலைவலி. நாள் கணக்கில் மூடுபனி, சூரியனைப் பார்க்க முடியாது, துணி காயாது. பகலில் உடம்பு காயாமல் ஈரம் மட்டும் இருந்தால் அதுவும் சளிதான். அப்போது எனக்கு 60 வாட் பல்பு காலையில் நான்கு மணி நேரம், மாலையில் கொஞ்சம் என்று கட்டாயம் வேண்டியிருக்கிறது. டிசம்பர் இரவுகளில் 12, 13 வரை இறங்கும். நன்றாக வளர்ந்த வெயில்டு அதைத் தாங்கும், காலையில் சூடான கிளை காத்திருந்தால். பேந்தர் பச்சோந்திக்கு அந்தக் குளிர் ஆகாது, அது மடகாஸ்கரின் கடற்கரைப் பக்கத்துப் பிராணி.


கஞ்சமலையான்
ஏப்ரல் 9, காலை 10:15

நண்பரே, ஏற்காட்டின் குளிரில் எனக்குச் சண்டை இல்லை. கொண்டுபோவதில்தான். இருபது கொண்டை ஊசி வளைவு, மே மாதம் கோடை விழா நெரிசல், புது இடம், புதுக் கை. இந்தப் பிராணி முகம் மாறினாலே இரண்டு நாள் சாப்பிடாது. அக்காவுக்குப் பூச்சி வைக்கத் தெரியுமா? நீர் தெளிப்பாரா? வீட்டிலேயே ஒரு அறையைச் சரிசெய்ய முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மலையை நினைக்கலாம்.


காபித்தோட்டம் (ஏற்காடு)
ஏப்ரல் 9, காலை 10:40

இரண்டு நாள் பட்டினி கிடப்பதா, இரண்டு மாதம் 37 டிகிரியில் கிடப்பதா? நான் முதலாவதைத்தான் எடுப்பேன். வரும்போது விடிவதற்கு முன்னால் கிளம்பணும், அவ்வளவுதான். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு குச்சி, மேலே துணி. இருட்டாக இருந்தால் அது அமைதியாக இருக்கும். அஸ்தம்பட்டியில் டீ குடிக்கிறேன் என்று மூடிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பதிவுச் சான்றின் நகலைக் கையில் வைத்திருங்கள், வழியில் வனத்துறைச் சோதனையில் கேட்டால் காட்டலாம்.


மல்பெரி (ஓமலூர்)
ஏப்ரல் 9, மாலை 6:10

நான் பச்சோந்தி வளர்த்ததில்லைங்க. பட்டுப்புழு வளர்க்கிறேன். ஆனால் மாடிவீட்டுத் தம்பி எழுதியதைப் படித்தால் எங்கள் புழு வளர்ப்பு மனைப் பிரச்சினை மாதிரியே இருக்கிறது. வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரிதான் சரியான சூடு. 30க்கு மேல் போனால் இலை தின்னாது, நோய் வரும், கூடு மெலியும். ஏசி போட எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கட்டடத்தைத்தான் ஏய்க்கிறோம்.

உங்கள் அறை இரவு 11 மணிக்கும் 32ல் நிற்கக் காரணம் காற்று இல்லை, கூரை. கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை இருட்டினபின் கீழே கக்கும். மொட்டை மாடியில் சுண்ணாம்போடு கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு பூச்சு அடியுங்கள். அதற்கு மேல் தென்னங்கீற்றைப் பரப்பினாலும் சரி, பச்சை வலையை இரண்டடி உயரத்தில் கட்டினாலும் சரி. கூரையில் வெயில் நேராக விழக்கூடாது. சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. அது கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், உள்ளே ஊறின சூடு அப்படியே இருக்கும்.

அப்புறம் ஜன்னல். எல்லாரும் பகலில் திறந்து வைத்து இரவில் கொசுவுக்குப் பயந்து மூடுகிறார்கள். மாற்றிச் செய்யணும். காலை 8 மணிக்கு மூடி, வெயில் படும் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். ராத்திரி 9 மணிக்கு மேல் வெளிக்காற்று உள்ளே வரட்டும், கொசுவலை அடித்துக்கொள்ளுங்கள்.

பச்சோந்தி பட்டுப்புழு தின்னும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?


பச்சைக்கிளி
ஏப்ரல் 9, இரவு 8:25

உண்மைதான் அண்ணா, உயிரை விடும்! கால்சியமும் நீர்ச்சத்தும் உள்ள தீனி. வெயில் காலத்தில் வெட்டுக்கிளி, கரப்பானைவிட அதுதான் நல்லது. ஒன்றே ஒன்று, மருந்தடித்த இலை தின்ற புழு வேண்டவே வேண்டாம்.

என்னிடம் இருப்பது பெண். பெண் வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்கணும்: வெயில்டு பெண், ஆணோடு சேராமலே முட்டை போடும். நிறையத் தீனி, நிறையச் சூடு இரண்டும் சேர்ந்தால் முட்டை எண்ணிக்கை 40, 50 என்று ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் அவள் காயும் கிளையை 27 டிகிரிக்கு மேல் விடுவதில்லை, தீனியும் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான். சேலத்தில் அந்த 27ஐ வைத்திருக்கத்தான் நான் ஏசி பில் கட்டுகிறேன், என் மாமியார் அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

கண்ணாடித் தொட்டி என்று கேட்டிருந்தீர்கள். ஏசி அறைக்கு அது சரி, ஈரம் நிற்கும். உங்கள் மாடிக்கு வலைக் கூண்டேதான் இருக்கணும். கண்ணாடிக்குள் சூடு மாட்டிக்கொண்டால் வெளியே போகாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் காட்டுகிறேன் என்றும் சிலர் செய்கிறார்கள். கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். காலை ஏழு மணி வாக்கில் கூண்டோடு பால்கனியில் கொஞ்ச நேரம் வையுங்கள், பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்கட்டும், காக்கையும் பூனையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நேர வெயிலில் யுவிபி குறைவு, ட்யூபை விட்டுவிடாதீர்கள்.


சூரமங்கலம்_சீனு
ஏப்ரல் 9, இரவு 9:02

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஏசி இல்லாதவர்கள் ஏர் கூலர் வைக்கலாமா? சிலர் ஈரம் அதிகமாகிவிடும் என்கிறார்கள்.


கஞ்சமலையான்
ஏப்ரல் 9, இரவு 9:40

வைக்கலாம், மாதம் பார்த்து. கூலர் வேலை செய்வது காற்றின் வறட்சியை வைத்துத்தான். இப்போது மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் கூலரிலிருந்து 26, 27 டிகிரிக் காற்று வரும். மே மாதம் ஒரு இடிமழை அடித்த மறுநாள் 33 டிகிரி, 65 சதவீதம் என்று ஆகும்போது அதே கூலர் 29க்குக் கீழே தராது, அறையைப் புழுக்கமாக்கிவிடும். அன்றைக்குத் தண்ணீர் பம்பை நிறுத்திவிட்டு வெறும் காற்று மட்டும் ஓட விடணும். எதிர் ஜன்னல் திறந்திருக்கணும், இல்லையென்றால் ஈரம் வெளியே போகாது. காற்று நேராகக் கூண்டில் அடிக்கவே கூடாது, சுவரில் பட்டுத் திரும்பட்டும்.

அவசரத்துக்கு இன்னொரு வழி. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துண்டு சுற்றிக் கூண்டின் மேல் வலையில் ஒரு ஓரமாக வையுங்கள். குளிர்ந்த காற்று கனம், தானாகக் கீழே இறங்கும். அந்த ஓரம் மட்டும் சில டிகிரி குறையும், வேண்டுமென்றால் அது அங்கே போய் உட்காரும். முழுக் கூண்டையும் குளிர வைக்க முயல வேண்டாம், அதற்குத் தேர்ந்தெடுக்க ஒரு மூலை கொடுத்தால் போதும்.

குடிக்கிற தண்ணீர்: கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் அதற்குத் தண்ணீர் என்றே தெரியாது. மெடிக்கலில் ட்ரிப்ஸ் ட்யூப் வாங்கி, பாட்டிலில் சொருகி, இலைமேல் சொட்டுச் சொட்டாக விழ வையுங்கள். விடியுமுன் ஒருமுறை நன்றாகத் தெளியுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், இலையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும், தெளிப்பான் மூக்கும் அடைக்கும். மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.


நாலுகால்
ஏப்ரல் 10, காலை 6:30

கால்நடை மருத்துவம் பார்ப்பவன். இழையில் நல்ல விஷயங்கள் வந்திருக்கின்றன. மாடிவீட்டுக்காரருக்குச் சில வார்த்தை.

சூட்டில் வாயைத் திறப்பது, இடம் குளிர்ந்ததும் நின்றுவிடும். குளிர்ந்த பிறகும் வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கி மூச்சு விட்டால், வாயோரம் நுரை அல்லது கோழை தெரிந்தால், டிக் டிக் என்று சத்தம் கேட்டால் அது நுரையீரல் தொற்று. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. கழிவில் வெள்ளையாக வரவேண்டிய பகுதி ஆரஞ்சு நிறத்தில் வந்தால் நீர் போதவில்லை. கண் குழி விழுவது அதற்கும் அடுத்த நிலை.

மயங்கிக் கிடந்தால் ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். நிழலுக்குக் கொண்டுவந்து, சாதாரணக் குளிர்ந்த நீரை மெல்லத் தெளித்து, விசிறிக் காற்றை தூரத்திலிருந்து காட்டி, கிளம்புங்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவர்கள் குறைவு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான், இப்போதே போன் செய்து யார் பார்ப்பார்கள், எந்த நேரம் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

வெப்பமானி எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? சுவரில் என்றால் அந்த 37ஐ நம்பாதீர்கள், கூண்டின் உச்சியில் இன்னும் அதிகம் இருக்கலாம். மீன் தொட்டிக்கு விற்கும் வயர் வைத்த டிஜிட்டல் மீட்டர் மலிவு. ஒன்றை மேல் கிளையில் முதுகு படும் உயரத்தில், இன்னொன்றை அடியில் கட்டுங்கள். பல்பு திரும்பப் போடும் காலம் வந்தால், பல்புக்கு மிக அருகில் வருவது அதன் கொண்டைதான் என்பதை நினைவில் வையுங்கள். கொண்டை வெந்து வருகிற கேஸ்களைப் பார்த்திருக்கிறேன்.


குறும்புக்காரன்
ஏப்ரல் 10, மாலை 5:15

குரும்பப்பட்டி பூங்காவுக்குப் போகும் வழியில் புதரில் ஒரு பச்சோந்தி மாட்டியது. நம்ம ஊர்க்காரன், வெயிலும் தாங்குவான். இதையே வளர்த்துவிட்டால் இந்த ஏசி, கூலர் ஒன்றும் வேண்டாமே? இப்போது வாளியில் இருக்கிறான்.


நாலுகால்
ஏப்ரல் 10, மாலை 5:22

எடுத்த இடத்திலேயே இப்போதே விட்டுவிட்டு வாருங்கள் தம்பி. இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பதிவு செய்து வைத்துக்கொள்ளும் வழி அயல்நாட்டு இனங்களுக்குத்தான், இதற்கு இல்லை. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.


கஞ்சமலையான்
ஏப்ரல் 10, மாலை 5:31

வெயில் தாங்குவான் என்றதற்கு மேலே சீனுவுக்கு எழுதியதைப் படியுங்கள். வாளியில் தாங்க மாட்டான்.


குறும்புக்காரன்
ஏப்ரல் 10, மாலை 6:40

விட்டாச்சு. வேலி மேல் ஏறிப் போய்விட்டான். திட்டாதீங்க.


மாடிவீடு (அம்மாப்பேட்டை)
ஏப்ரல் 14, காலை 8:00

எல்லோருக்கும் நன்றி, புத்தாண்டு வாழ்த்துகள். நடந்ததைச் சொல்கிறேன்.

பல்பு, ஃபாகர் இரண்டையும் அன்றைக்கே நிறுத்தினேன். கீழ் வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள், வடக்குப் பக்கம் ஒரு அறை, பழைய பாத்திரமெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் இரண்டு மாடி இருப்பதால் கூரைச் சூடு அங்கே வரவே இல்லை. கூண்டை அங்கே இறக்கினேன். மதியம் மேல் கிளையில் 32, அடியில் 30. இரவில் ஜன்னலைத் திறந்து கூலர் ஓடினால் 26, விடியும்போது 25. உள்ளே இன்னும் இரண்டு செம்பருத்தித் தொட்டி வைத்தேன், தொட்டி மண்ணை ஈரமாக வைத்திருப்பதே கொஞ்சம் குளுமை தருகிறது. ட்ரிப்ஸ் ட்யூபைப் பார்த்துப் பாட்டி பதறிவிட்டார், அதற்கு உடம்பு சரியில்லையா என்று.

மூன்றாம் நாளிலிருந்து பச்சை திரும்பிவிட்டது. வாய் திறப்பது நின்றுவிட்டது. நேற்று தீனியை எடுத்தான். அடுத்த வாரம் மின்வாரியப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை வரை கரண்ட் கிடையாது என்று செய்தி வந்திருக்கிறது. அன்றைக்கு என்ன செய்வது?


பச்சைக்கிளி
ஏப்ரல் 14, காலை 8:35

அந்த அறைக்குப் பயம் இல்லை. முந்தின ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து அறையைக் குளிர வைத்துவிட்டு, காலையில் மூடி ஈரச் சாக்கு போடுங்கள். ஃப்ரீசரில் நான்கு பாட்டில் தயாராக இருக்கட்டும், மதியம் 12க்கு மேல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். யுவிபி ஒரு நாள் எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது. அன்றைக்குத் தீனி வேண்டாம், வயிறு நிறைந்திருந்தால் செரிக்கச் சிரமப்படும். தண்ணீர் மட்டும் சொட்டட்டும்.


காபித்தோட்டம் (ஏற்காடு)
ஏப்ரல் 14, காலை 9:10

25 டிகிரி ராத்திரி இன்னும் அதிகம்தான், மே மாதம் 28 ஆகும். அப்போது ஏற்காடு ஞாபகம் இருக்கட்டும். அக்கா வீடு எந்தப் பக்கம்? ஏரிப் பக்கம் என்றால் எனக்குப் பத்து நிமிஷம், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.


மாடிவீடு (அம்மாப்பேட்டை)
ஏப்ரல் 14, காலை 9:25

நாகலூர் ரோடு அண்ணா. மே மாதம் விடிகாலை 28க்குக் கீழே இறங்காத வாரம் வந்தால் உங்களைக் கூப்பிடுகிறேன். இல்லாவிட்டால் இங்கேயே. கஞ்சமலை அண்ணாவும் இதற்கு ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.


கஞ்சமலையான்
ஏப்ரல் 14, காலை 9:50

28 என்பது சரியான கோடு. போகிற நாளில் விடிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள்.


மல்பெரி (ஓமலூர்)
ஏப்ரல் 14, காலை 11:05

தம்பி, மூன்றாம் பருவத்துப் புழு கொஞ்சம் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், என் தோட்டத்து இலைக்கு மருந்தே அடிப்பதில்லை. வியாழக்கிழமை செவ்வாய்ப்பேட்டைக்குத் தவிடு வாங்க வருகிறேன். ஒரு பழைய டிபன் டப்பா எடுத்துக்கொண்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், மூடியில் ஓட்டை போட்டு வையுங்க.